நபிமாரின் உடலும் சொல்லின் பாரமும்

எபிரேய மொழியில் 'மஸ்ஸா' என்று ஒரு சொல் உண்டு. தூக்குதல், சுமத்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. கழுதையின் முதுகில் ஏற்றும் பொதிக்கும் அதுதான் பெயர். இறைவனிடமிருந்து ஒரு நபிக்கு வந்து, அவர் மக்களிடம் கொண்டு சேர்க்க வேண்டிய செய்திக்கும் அதுதான் பெயர். பழைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இதை அப்படியே 'பாரம்' என்று எழுதிவிட்டார்கள். ஏசாயாவின் நூலில் பாபிலோனைப் பற்றிய பாரம், மோவாபைப் பற்றிய பாரம், எகிப்தைப் பற்றிய பாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதன்முதல் படிக்கிற எவரும் அந்த இடத்தில் சற்று நிற்பார்கள். செய்தி எப்படிப் பாரமாகும்?

துறைமுகத்து ஊரில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. என் வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் நாட்டாமை வேலை செய்தவர். எங்கள் வீட்டில் பாரம் என்றால் அவருடைய தோளில் காய்த்துப்போயிருந்த தோல்தான் நினைவுக்கு வரும். மூட்டை யாருடையது, எந்தக் கப்பலில் வந்தது, எந்தக் களஞ்சியத்துக்குப் போகிறது என்பதெல்லாம் சிட்டையில் இருக்கும். சுமந்தவனின் முதுகு எப்படி இருக்கிறது என்பது எந்தச் சிட்டையிலும் இராது. எபிரேய வேதத்தை வாசித்தபோது என்னை வியக்க வைத்தது, அது அந்த முதுகையும் எழுதி வைத்திருக்கிறது என்பதுதான்.

இதை எமது கல்லூரிச் சஞ்சிகையில் எழுத வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கலாம். நான் உயர்தர வகுப்புக்கு இஸ்லாம் பாடம் கற்பிப்பவள். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட வீடுகளும், 2006 ஓகஸ்டில் மூதூரைவிட்டுக் கந்தளாய்க்கு ஓடிப்போன வீடுகளும் இந்த மாவட்டத்தில் ஏராளம். அந்த வீடுகளில் இரவில் திடுக்கிட்டு எழும்புகிற உம்மாமார் இன்றும் இருக்கிறார்கள். கை நடுங்குகிற, சோறு இறங்காத, காரணம் சொல்லத் தெரியாமல் அழுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் சொல்லும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: ஈமான் பலமாக இருந்தால் இப்படியெல்லாம் வராது. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு மாணவி என்னிடம் நேரடியாகவே கேட்டாள். "டீச்சர், நபிமாருக்கு நடுக்கம் வந்ததே இல்லையா?" நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது.

நபித்துவத்தை ஒரு நோய் என்று சொல்ல நான் வரவில்லை. நடுங்குகிற எல்லோரும் நபியைப் போன்றவர்கள் என்று சொல்லவும் வரவில்லை. நான் சொல்ல விரும்புவது இதைவிடச் சிறியது. இறைவனின் சொல்லைச் சுமப்பதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட மனிதர்களின் உடல்கூட அந்தச் சுமையின் கீழ் வளைந்தது. அதை வேதங்கள் மறைக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் வரும்: முன்னைய வேதங்களை நாம் வாசிக்கலாமா? அவை கைமாறி வந்த நூல்கள் என்பது எமது நம்பிக்கை. அவற்றில் நமக்குத் தெரியாத செய்தி வந்தால் உண்மையென்று ஏற்கவும் வேண்டாம், பொய்யென்று தள்ளவும் வேண்டாம் என்ற வழிகாட்டல் நமக்கு ஹதீஸில் இருக்கிறது. அந்த நிலையில் நின்றுதான் நான் வாசித்தேன். ஹிராக் குகையிலிருந்து நடுங்கியபடி வந்த தம் கணவரை அன்னை கதீஜா (ரலி) யாரிடம் அழைத்துச் சென்றார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வரகா இப்னு நவ்ஃபல், எபிரேய எழுத்து அறிந்தவர், முன்னைய வேதங்களைப் படித்தவர். நடந்ததைக் கேட்டதும், மூஸாவிடம் வந்தவரே இவரிடமும் வந்திருக்கிறார் என்று அவரால் சொல்ல முடிந்தது. முன்பு நடந்தவற்றை அவர் வாசித்திருந்தார். தமிழிலும் இப்படிப் பிறர் வேதத்தைத் தொட்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தவர் சைவரான ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சானது.

இனி விடயத்துக்கு வருவோம். முதலில் தானியேல். நாம் தானியால் நபி என்போம். குர்ஆனில் அவர் பெயர் இல்லை, ஆனால் இப்னு கஸீர் நபிமார் வரலாற்றில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். யூதர்கள் தங்கள் வேதத்தில் தானியேலின் நூலை நபிமாரின் நூல்களோடு சேர்க்காமல், ஏனைய எழுத்துகள் என்ற பிரிவில் வைத்திருக்கிறார்கள். அது வேறு விவாதம். எனக்குப் பிடித்தது அந்த நூலில் உள்ள ஒரு சின்ன விபரம்.

தானியேல் ஓர் அரசாங்க உத்தியோகத்தர். பாபிலோனுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட இளைஞர், படித்து, அந்நிய அரசரின் நிருவாகத்தில் உயர்ந்தவர். எட்டாம் அதிகாரத்தில் ஆட்டுக்கடாவும் வெள்ளாட்டுக் கடாவும் மோதும் காட்சி அவருக்கு வருகிறது. அதை விளக்க வந்தவர் அருகில் வந்ததுமே பயந்து முகங்குப்புற விழுகிறார். எல்லாம் முடிந்த பின்பு அந்த அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது: அவர் சோர்ந்து சில நாட்கள் நோயாளியாகக் கிடந்தார், பின்பு எழுந்து அரசருடைய வேலையைப் பார்த்தார். கண்டதை நினைத்து அவருக்குத் திகைப்பு நீங்கவில்லை, அது விளங்கவும் இல்லை. எத்தனை நாட்கள் கிடந்தார், யார் கஞ்சி கொடுத்தார்கள் என்பதெல்லாம் இல்லை. இன்றைக்கென்றால் மருத்துவ விடுமுறைப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பாரோ! உலகப் பேரரசுகளின் முடிவைக் கண்ட ஒருவர், சில நாள் படுத்துக் கிடந்துவிட்டுக் கந்தோருக்குப் போகிறார். திகைப்பு தீர்ந்த பிறகு போனார் என்று அந்த நூல் சொல்லவில்லை. திகைப்போடுதான் போனார்.

பத்தாம் அதிகாரம் இதைவிட நுணுக்கமானது. மூன்று வாரங்கள் தானியேல் துக்கத்தில் இருக்கிறார். நல்ல உணவு இல்லை, இறைச்சி இல்லை, உடம்பில் எண்ணெய் பூசுவதும் இல்லை. தஜ்லா என்று நாம் அறிந்திருக்கும் திக்ரிஸ் நதிக்கரையில் காட்சி வருகிறது. கூட இருந்தவர்கள் ஒன்றையும் காணவில்லை, ஆனாலும் நடுக்கம் பிடித்து ஓடி ஒளிகிறார்கள். தானியேல் தனியே நிற்கிறார். உடம்பில் பலம் போய்விடுகிறது, முகத்தின் நிறம் மாறிவிடுகிறது, மயங்கி நிலத்தில் விழுகிறார். அதன் பிறகு நடப்பதைப் படிப்படியாகக் கவனியுங்கள். ஒரு கை அவரைத் தொட்டு, முதலில் முழங்காலிலும் உள்ளங்கைகளிலும் தாங்கி நிற்க வைக்கிறது. பிறகு எழுந்து நிற்கச் சொல்கிறது. நிற்கிறார், ஆனால் நடுங்குகிறார். பேச்சு வரவில்லை. உதடு தொடப்படுகிறது, பேச்சு வருகிறது. பேசியதும் அவர் சொல்வது, தனக்கு மூச்சே இல்லை என்பதுதான். மறுபடியும் தொடப்படுகிறார். அப்போதுதான் பலம் வருகிறது. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு நோயாளியைத் தாதி எழுப்பி நடக்க வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை நன்றாக விளங்கும். சொல்ல வந்த செய்தி, அவர் நிமிரும்வரை காத்துக்கொண்டிருந்தது.

எசேக்கியேலின் கதை வேறு மாதிரி. அது ஒரு நாளில் வந்து போன அதிர்ச்சி அல்ல, ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கிய ஒன்று. அறபு மரபில் இவர் ஹிஸ்கீல். குர்ஆன் கூறும் துல்கிஃப்ல் இவர்தான் என்று கருதியவர்களும் உண்டு. ஈராக்கிலுள்ள அல்-கிஃப்ல் என்ற ஊரில் இவருடையது எனப்படும் அடக்கத்தலத்துக்கு யூதர்களும் முஸ்லிம்களும் நூற்றாண்டுகளாகப் போய்வந்திருக்கிறார்கள்.

கி.மு. 597 இல் பாபிலோனியர் ஜெருசலேமைப் பணிய வைத்து, அரசரையும் ஆயிரக்கணக்கானோரையும் பிடித்துச் சென்றனர். அவர்களோடு போனவர் எசேக்கியேல், மதகுரு குடும்பத்தவர். நிப்பூர் நகருக்கு அண்மையில் கேபார் என்ற கால்வாய்க் கரையில் அகதிகளாகக் குடியேற்றப்பட்ட கூட்டத்தில் ஒருவர். ஐந்தாம் ஆண்டில் அவருக்குப் பெரும் காட்சி வருகிறது. அதன் பின்பு மனக்கசப்போடும் உள்ளக் கொதிப்போடும் தன் சனங்களிடம் திரும்பி வந்தார் என்று நூல் சொல்கிறது. வந்தவர் பிரசங்கம் செய்யவில்லை. ஏழு நாட்கள் அவர்கள் நடுவில் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வருவது இன்னும் கடுமை. அவருடைய நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளும், இறைவன் பேசச் சொல்லும்போது தவிர அவர் ஊமையாக இருப்பார் என்று சொல்லப்படுகிறது. ஜெருசலேம் விழுந்துவிட்டது என்று தப்பி வந்த ஒருவர் சொல்ல வரும்போதுதான் வாய் முழுதாகத் திறக்கிறது. இதற்கிடையில் 390 நாட்கள் இடப்பக்கமாகவும் 40 நாட்கள் வலப்பக்கமாகவும் படுத்திருக்க வேண்டும் என்ற கட்டளை. முற்றுகையில் சிக்கப்போகும் நகரத்தின் பட்டினியைத் தன் உடம்பிலேயே காட்ட வேண்டும். கோதுமை, வாற்கோதுமை, அவரை, பயறு, தினை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சுட்ட அப்பம், நாளொன்றுக்கு இருபது சேக்கல் நிறை மட்டும். இன்றைய அளவில் ஏறத்தாழ 230 கிராம், அதாவது நம் கடையில் வாங்கும் ஓர் இறாத்தல் பாணில் பாதி. தண்ணீர் சுமார் 600 மில்லிலீற்றர். அகதி முகாமில் நிவாரண அரிசியை அளந்து வாங்கிய தாய்மாருக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. எந்த நூற்றாண்டிலும் அளந்து சாப்பிடும் சோறு ஒரே ருசிதான்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்த நூலின் 24 ஆம் அதிகாரம். எசேக்கியேலின் கண்ணுக்கு அருமையானவள் திடீரென எடுக்கப்படுவாள் என்றும், அவர் அழக்கூடாது, துக்கம் காட்டக்கூடாது, தலைப்பாகையும் செருப்பும் வழக்கம்போல அணிந்திருக்க வேண்டும், பெருமூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது. காலையில் அவர் மக்களிடம் பேசினார். மாலையில் மனைவி இறந்தார். அடுத்த நாள் காலை அவர் கட்டளைப்படியே செய்தார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நூல் சொல்லவில்லை. காட்சியைக் காணாமலே அதன் பாரத்தில் பங்கு சுமந்தவள் அவள். இந்த இடத்தை என்னால் ஒருபோதும் இலகுவாகக் கடந்துபோக முடிந்ததில்லை. எமது நபி (ஸல்) அவர்கள் தம் சின்னஞ்சிறு மகன் இப்றாஹீமின் மறைவில் எல்லோரும் பார்க்கக் கண்ணீர் விட்டார்கள். யஃகூப் நபி யூஸுஃபுக்காக அழுது கண் வெளுத்துப்போனார் என்று குர்ஆனே சொல்கிறது. அந்த வாசல் எசேக்கியேலுக்கு அடைக்கப்பட்டிருந்தது. நகரம் விழும்போது அழக்கூட முடியாமல் உறைந்துபோகப் போகும் மக்களுக்கு அவர் ஓர் அடையாளமாக நிறுத்தப்பட்டார் என்பது நூல் தரும் காரணம்.

நவீன காலத்தில் இவரை மனநோயாளி என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். 1946 இல் எட்வின் புரூம் என்பவர் எசேக்கியேலின் ஊமைத்தனம், அசைவின்மை, காட்சிகள் எல்லாவற்றையும் கோவைப்படுத்தி, இது மனப்பிளவு நோயின் அடையாளம் என்று ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரை, அவரைக் காணாமலே, ஒரு நூலை மட்டும் வைத்து இப்படி நோய் நிர்ணயம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அண்மைய ஆய்வாளர் பலர் அந்த வழியை விட்டு, முற்றுகையும் நாடுகடத்தலும் ஒரு சமூகத்துக்குச் செய்ததை இந்த நூல்கள் பேசுகின்றன என்று வாசிக்கிறார்கள். ஊரை இழந்தவர்களின் உடம்பு எப்படிப் பேசும் என்பதைக் கண்ட நமக்கு இந்த வாசிப்பு நெருக்கமானது. ஆனால் இதுவும் முழுமையானதல்ல. அகதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அந்தச் சொல் ஒருவருக்குத்தான் வந்தது.

எரேமியாவிடம், அதாவது அர்மியாவிடம், உடம்பைவிட மனம்தான் அதிகம் பேசுகிறது. அவர் ஜெருசலேமிலேயே இருந்து, நகரம் விழப்போகிறது என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி, கடைசியில் அது விழுவதைக் கண்ணால் கண்டவர். திருமணம் செய்ய வேண்டாம் என்று அவருக்குக் கட்டளை. விருந்துக்கும் போகக்கூடாது, மரண வீட்டுக்கும் போகக்கூடாது. நம் ஊரில் இந்த இரண்டுக்கும் போகாத ஒருவரை எப்படிப் பார்ப்போம் என்று யோசித்தால் அவருடைய தனிமை விளங்கும். வயிறு நோகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, எலும்பெல்லாம் நடுங்குகிறது என்று பல இடங்களில் சொல்கிறார். இனி இந்தச் சொல்லைப் பேசவே மாட்டேன் என்று ஒருமுறை தீர்மானித்தும் பார்க்கிறார். அப்போது அது எலும்புக்குள் அடைபட்ட நெருப்பாக எரிகிறது. பேசினால் ஊர் சிரிக்கிறது, பேசாவிட்டால் உடம்பு வேகிறது. தான் பிறந்த நாளையே சபிக்கும் பகுதியும் அந்த நூலில் உண்டு. நபியின் வாயில் இப்படி ஒரு பேச்சு வருமா என்று நம்மில் பலர் தயங்குவோம். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனால் யூத மரபு அதை வெட்டியெறியாமல், வெட்கப்படாமல் வைத்திருந்தது.

'பாரம்' என்ற சொல்லை வைத்தே அவரை மக்கள் கேலி செய்தார்கள். இன்றைக்கு இறைவனின் பாரம் என்ன என்று தெருவில் நிறுத்திக் கேட்பது அவர்களுக்கு ஒரு பகிடி. அந்தச் சொல்லையே இனி உச்சரிக்க வேண்டாம் என்று 23 ஆம் அதிகாரத்தில் கட்டளை வருகிறது. சுமக்கிறவனின் சொல்லைச் சுமக்காதவர்கள் விளையாட்டாக்கினால் அதற்குமேல் அந்தச் சொல்லில் என்ன இருக்கும்?

ஏசாயாவும் அபகூக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். வரப்போகும் அழிவைக் கண்ட ஏசாயா தன் வலியைப் பிரசவ வேதனைக்கு ஒப்பிடுகிறார். அபகூக்குக்கு உதடு துடிக்கிறது, எலும்பு உக்கிப்போனதாகத் தோன்றுகிறது, நின்ற இடத்திலேயே கால் நடுங்குகிறது.

ஏன் இப்படி? இதற்கு யூத அறிஞர்கள் தந்த விளக்கங்களில் எனக்கு முக்கியமானது, நம் நாகரிகத்தின் மடியில் வளர்ந்த ஒருவருடையது. மூஸா இப்னு மைமூன் 1138 அளவில் அந்தலூஸின் குர்துபாவில் பிறந்து, 1204 இல் எகிப்தில் மறைந்தவர். ஸலாஹுத்தீன் அய்யூபியின் ஆட்சி வட்டத்தில் வைத்தியராக இருந்தவர். தலாலத்துல் ஹாயிரீன் என்ற தம் பெரும் தத்துவ நூலை அறபு மொழியிலேயே எழுதினார். யூதச் சட்டத் தொகுப்பில் அவர் சொல்வது இது: நபிமார் எல்லோருக்கும் வெளிப்பாடு வரும்போது அவயவங்கள் நடுங்கும், உடலின் பலம் ஒடுங்கும், சிந்தனை கலங்கும். பிறகுதான் தெளிவு வரும். இதற்கு இப்றாஹீம் நபியைச் சூழ்ந்த இருளின் பயத்தையும் தானியேலின் மயக்கத்தையும் சான்று காட்டுகிறார். மூஸா நபி மட்டும் விதிவிலக்கு, அவர் நின்றபடி, தெளிவோடு, நண்பனிடம் கேட்பதுபோலக் கேட்டார் என்பது அவர் கருத்து. துக்கமும் கோபமும் இருக்கும்போது நபித்துவம் ஓய்ந்துவிடும், யூஸுஃபைப் பிரிந்த துயரம் தீரும்வரை யஃகூபுக்கு வெளிப்பாடு வரவில்லை என்ற பழைய யூத மரபையும் தலாலத்தில் எடுத்து விளக்குகிறார். மனமும் உடலும் கருவிகள், கருவி பழுதுபட்டால் வேலை நிற்கும் என்பது ஒரு வைத்தியரின் நியாயம்.

இதை எழுதியவரின் சொந்த உடம்பும் பழுதுபட்டது. அவருடைய தம்பி தாவூத் வியாபாரத்துக்காக இந்தியாவை நோக்கிக் கப்பலேறி, நம் துறைமுகத்துக்கு வெளியே விரிந்து கிடக்கும் இதே இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். குடும்பத்தின் பணமும் அவரோடு போயிற்று. இளம் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் மிஞ்சினார்கள். செய்தி வந்த பிறகு இப்னு மைமூன் ஏறத்தாழ ஓர் ஆண்டு காய்ச்சலோடும் மனக்கலக்கத்தோடும் படுக்கையில் கிடந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அக்கா நகரிலிருந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இன்னும் துக்கம் ஆறவில்லை என்கிறார். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் நம் கரையோரத்திலும் உண்டு. பேரறிஞருக்கு ஓர் ஆண்டு தேவைப்பட்டது. நம் வீட்டுப் பெண்ணுக்கு நாற்பதாம் நாளோடு எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கடந்த நூற்றாண்டில் ஆபிரகாம் ஹெஷல் வேறொரு விளக்கம் தந்தார். 1939 இல் ஜேர்மனியர் போலந்துக்குள் புகுவதற்குச் சில வாரங்கள் முன்பு வார்சோவை விட்டு வெளியேறியவர், தாயையும் சகோதரிகளையும் நாசிகளிடம் பறிகொடுத்தவர். 1962 இல் வெளிவந்த நபிமார் பற்றிய நூலில், நபி வெறும் குழாய் அல்ல, மனிதர்மீது இறைவன் கொண்டிருக்கும் அக்கறையைத் தானும் உணர்கிறவர், அந்த உணர்வுதான் அவரை உருக்குகிறது என்றார். இறைவனுக்கு உணர்ச்சிகளை ஏற்றிப் பேசும் அந்த முறை நமது அகீதாவோடு ஒத்துப்போகாது. ஆனால் பிறர் பதறாத அநியாயத்துக்கு நபி பதறுகிறார் என்ற அவருடைய அவதானம் சரியென்றே நினைக்கிறேன்.

இப்னு மைமூன் விதிவிலக்கு என்று சொன்ன மூஸா நபிக்கும் பாரம் இல்லாமல் இல்லை. இறைவனைக் காண வேண்டியபோது மலை நொறுங்க, அவர் மூர்ச்சையாகி விழுந்ததைக் குர்ஆன் சொல்கிறது. தவ்ராத்தின் நான்காம் நூலில் இன்னொரு காட்சி. பாலைவனத்தில் மக்கள் இறைச்சி கேட்டு அழ, மூஸா மனமுடைந்து முறையிடுகிறார். இந்த மக்களை நானா கருத்தரித்தேன், பால்குடிப் பிள்ளையைத் தாதி ஏந்துவதுபோல நான் ஏன் ஏந்த வேண்டும் என்ற பொருளில் அவர் பேசுகிறார். என்னைக் கொன்றுவிடு என்றும் கேட்கிறார். அங்கே வரும் சொல்லும் மஸ்ஸாதான், மக்களின் பாரம். அதற்கு வந்த பதிலில் கண்டனம் இல்லை. எழுபது மூப்பரைக் கூட்டி வா, இந்தப் பாரத்தை அவர்களும் உன்னோடு சுமப்பார்கள் என்பதுதான் பதில்.

நமது சொந்த மரபு இந்த விடயத்தில் எவ்வளவு வெளிப்படையானது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஹிராவில் வானவர் மும்முறை இறுக அணைத்தார், தாங்கமுடியாத அளவுக்கு. நபி (ஸல்) அவர்கள் இதயம் படபடக்க வீடு வந்து, போர்த்துங்கள் என்று கேட்டார்கள். சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் இதைத் தமிழிலேயே படித்திருக்கிறீர்கள். கடுங்குளிர் நாளிலும் வஹீ வந்து முடியும்போது நெற்றி வியர்த்து வழிந்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒருமுறை வஹீ இறங்கியபோது நபியவர்களின் தொடை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் தொடைமேல் இருந்தது. அது நொறுங்கிவிடுமோ என்று அவர் அஞ்சினார். முஸ்ஸம்மில் சூராவில் அந்தச் சொல் கனமானது என்று அல்லாஹ்வே கூறுகிறான். இன்ஷிராஹ் சூராவை நாம் சிறுவயதிலிருந்தே மனனமாக ஓதுகிறோம். முதுகை ஒடித்த சுமை என்று அதில் வருவதை ஓதும்போது, அது முதுகைப் பற்றிய பேச்சு என்பது நம் மனத்தில் படுவதேயில்லை.

தலையில் மூட்டை ஏற்றுமுன் நாட்டாமைமார் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்கள். பாரத்தை அது குறைக்காது, தலை வெடிக்காமல் காக்கும். இந்த நூல்களை வாசித்தபோது நான் தேடியது சும்மாடு வைத்தவர்களைத்தான். கதீஜா (ரலி) போர்வையை எடுத்தார்கள். நடந்ததை விசாரிப்பதற்கு முன்பு போர்த்தினார்கள், நடுக்கம் தணிந்த பிறகுதான் பேச்சு. பிறகும் உபதேசம் செய்யவில்லை. நீங்கள் உறவைப் பேணுகிறவர், எளியவரைச் சுமக்கிறவர் என்று அவர்களுடைய நல்ல குணங்களையே எடுத்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு விடயம் தெரிந்த ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். உளவளத்துணை என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியாது.

எலியா, நமது இல்யாஸ் நபி, அரசியின் கொலை மிரட்டலுக்குத் தப்பி வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் படுத்து மரணத்தைக் கேட்டதாக எபிரேய வேதம் சொல்கிறது. வானவர் வந்து தட்டியெழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குடுவைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கிப்போகிறார். வானவர் கோபிக்கவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பி, வழி தூரம், இன்னும் சாப்பிடு என்கிறார். குர்ஆனில் மர்யம் (அலை) பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே மரித்திருக்கக் கூடாதா என்று கலங்கியபோது, அங்கேயும் முதலில் வந்தது காலடியில் நீரோடையும் மரத்தை உலுக்கினால் விழும் கனிந்த பழமும்தான்.

எரேமியாவுக்கு வானவர் யாரும் அப்பம் கொண்டு வந்ததாக இல்லை. நகரம் விழும் என்று சொன்னதற்காக அதிகாரிகள் அவரைக் கயிற்றில் கட்டி ஒரு கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் இல்லாத கிணறு, அடியில் சேறு. அவர் அந்தச் சேற்றில் புதைந்துகொண்டிருந்தார். அரண்மனையில் வேலை செய்த எபெத்மெலேக் என்ற கூஷ் நாட்டவர், கறுப்பு மனிதர், அந்நியர், அரசரிடம் துணிந்து போய்ப் பேசி, முப்பது ஆட்களோடு அவரைத் தூக்கியெடுக்க அனுமதி பெற்றார். நேரே கிணற்றடிக்குப் போகாமல் களஞ்சிய அறைக்குப் போய்ப் பழைய கந்தல்களையும் கிழிந்த துணிகளையும் பொறுக்கினார். அவற்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, கயிறு அறுக்காமலிருக்க இவற்றை உங்கள் கக்கங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து சொன்னார். எரேமியா அப்படியே வைத்துக்கொண்டார். பிறகுதான் கயிற்றை இழுத்தார்கள்.